டிரான்சிட், பியரிங்: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில், இணையதளங்களைத் தன் சர்வர்களில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கட்டுரையைப் படித்தேன். செயலி, நினைவகம், வட்டு, காப்புப் பிரதி ஆகியவை பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பொறுமையாகவும் நேர்மையாகவும் எழுதியிருக்கிறார். நெட்வொர்க் பற்றிய கடைசிப் பகுதி மட்டும் ஏதோ விற்பனைப் பிரசுரத்திலிருந்து நேராக இறங்கி வந்ததுபோல் இருந்தது. குழாய் அகலமானால் தண்ணீர் கூடுதலாக வருவதுபோல, போர்ட், அதாவது நெட்வொர்க்கின் இணைப்பு வாய், எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம் என்கிறார். உலகம் முழுவதையும் அடைய வழி தரும் டிரான்சிட் காசு கொடுத்து வாங்குவது, இரண்டு நெட்வொர்க்குகள் நேரடியாக இணையும் பியரிங் இலவசம், ஆகவே பியரிங் எண்ணிக்கை அதிகமுள்ள நிறுவனமே மலிவானது, சிறந்தது என்கிறார். இரண்டையும் மறுத்தாக வேண்டும்.

நான் நடுத்தர அளவுள்ள ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் பியரிங் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்கள் ரூட்டர்கள் வெளியிலுள்ள எந்தெந்த நெட்வொர்க்குகளோடு, எந்தக் கட்டடத்தில், என்ன நிபந்தனையில் இணைய வேண்டும் என்று தீர்மானிப்பதும், அதற்காக முன்பின் அறியாதவர்களுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருப்பதும் என் வேலை. என் மாமியார் இன்னமும் நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதாகத்தான் உறவினர்களிடம் சொல்லிவருகிறார். திருத்தும் முயற்சியைக் கைவிட்டுவிட்டேன். நாளிதழில் வருவதை அப்படி விட்டுவிட முடியவில்லை.

இணையம் என்பது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்ற அடையாளம் உண்டு. ‘இந்த முகவரிகளை என் வழியாக அடையலாம்’ என்று இவை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைக்கு பிஜிபி என்று பெயர். 1989இல் கர்க் லாக்ஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதங்களில் வரைந்த திட்டம் அது. அதன் நான்காம் பதிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் உலகம் ஓடுகிறது.

எங்கள் சர்வரில் உள்ள ஓர் இணையதளத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால், எல்லா நெட்வொர்க்குகளுக்கும் எங்களிடமிருந்து வழி இருக்க வேண்டும். எழுபதாயிரம் பேரோடு தனித்தனியாகக் கம்பி இழுக்க எவராலும் முடியாது. ஆகவே பெரிய நெட்வொர்க் ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறோம். அரேலியான், லூமன், என்டிடி, டாட்டா கம்யூனிகேஷன்ஸ், கோஜென்ட் போன்றவை இந்த வியாபாரத்தில் இருப்பவை. அவர்கள் உலகின் முழு வழிப்பட்டியலையும் எங்களுக்குத் தருகிறார்கள். பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு மட்டும் இன்று சுமார் பத்து லட்சம் வரிகள். எங்கள் முகவரிகளை உலகம் முழுவதற்கும் அறிவிக்கிறார்கள். இதுதான் டிரான்சிட்.

பியரிங்கில் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு. இரண்டு நெட்வொர்க்குகள் நேரடியாக இணைந்து, தத்தம் முகவரிகளையும் தத்தம் வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் மட்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு பியரிடமோ டிரான்சிட் கொடுப்பவரிடமோ பெற்ற வழியை இன்னொரு பியரிடமோ டிரான்சிட் கொடுப்பவரிடமோ சொல்லக் கூடாது. அந்த வரம்பு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூன் 24 சாட்சி. ஒரு சிறிய இணைய நிறுவனத்திடமிருந்து அதன் வாடிக்கையாளருக்குக் கிடைத்த வழிகள், அந்த வாடிக்கையாளரின் மற்றொரு இணைப்பான வெரைசன் என்ற பெரிய அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கசிந்தன. வெரைசன் வடிகட்டாமல் ஏற்று உலகுக்கு அறிவித்தது. கிளவுட்ஃப்ளேர் உள்ளிட்ட பெரிய சேவைகளுக்குப் போக வேண்டிய போக்குவரத்தில் ஒரு பகுதி அந்தச் சிறிய இணைப்பில் போய் நெரிந்தது. எத்தனை பியரிங் வைத்திருந்தாலும் டிரான்சிட் இல்லாமல் ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் இயங்க முடியாது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

இனி போர்ட் அளவு. பதிவு செய்த பாடங்களைக் காணொளியாகத் தரும் ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் இருக்கிறார். மாலை ஏழு மணிக்கு மேல் படம் நின்று நின்று ஓடுவதாகவும், உடனே பெரிய சர்வருக்கு மாற்றும்படியும் எழுதினார். அவருடைய சர்வர் ஏறக்குறையச் சும்மா இருந்தது. எங்கள் டிரான்சிட் போர்ட்டில் பாதிக்குமேல் காலியாக இருந்தது. புகார் சொன்ன மாணவர்கள் அனைவரும் ஒரே வீட்டு இணைய நிறுவனத்தின் சந்தாதாரர்கள். எங்கள் டிரான்சிட் நிறுவனமும் அந்த வீட்டு இணைய நிறுவனமும் இணையும் இடத்தில்தான் மாலைதோறும் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த இணைப்பை அகலப்படுத்த வேண்டியவர்கள் அவர்கள் இருவர். நாங்கள் அதில் வெறும் பார்வையாளர்கள். எங்கள் போர்ட்டைப் பத்து மடங்காக்கியிருந்தாலும் அந்த மாணவர்களுக்கு ஒரு மில்லிவினாடி மிச்சமாகியிருக்காது. அந்த ஒரு நிறுவனத்துக்கான போக்குவரத்தை மட்டும் இரண்டாவது டிரான்சிட் வழியாகத் திருப்பினோம். மறுநாள் மாலை புகார் வரவில்லை. கூடுதல் போர்ட்டும் வாங்கவில்லை, கூடுதல் சர்வரும் வாங்கவில்லை.

இருவருக்கும் நடுவே உள்ள இணைப்பை அவர்கள் ஏன் அகலப்படுத்தவில்லை? பெரும்பாலும் பணத் தகராறு. ‘உன் பக்கமிருந்துதான் அதிகம் கொட்டுகிறது, நீ கொடு’ என்பார் ஒருவர். ‘உன் சந்தாதாரர் கேட்பதைத்தானே அனுப்புகிறேன்’ என்பார் மற்றவர். 2005 அக்டோபரில் லெவல் 3 என்ற டிரான்சிட் நிறுவனம் கோஜென்ட்டுடனான பியரிங்கைத் துண்டித்தது. லெவல் 3 மட்டுமே வைத்திருந்தவர்களும் கோஜென்ட் மட்டுமே வைத்திருந்தவர்களும் ஒருவரையொருவர் அடைய முடியாமல் போனது. இருவரின் போர்ட்டுகளும் பழுதில்லாமல் நன்றாகவே இருந்தன; நடுவில்தான் வழி இல்லை. 2014 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ், அமெரிக்க வீட்டு இணைய நிறுவனமான காம்காஸ்ட்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு வாங்க ஒப்புக்கொண்டதும் இதே வகை இழுபறியின் முடிவில்தான்.

சுவையான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் தங்களோடு பியரிங் செய்யுமாறு கோஜென்ட்டைக் கேட்டு, 2009இல் ஹரிகேன் எலக்ட்ரிக் என்ற டிரான்சிட் நிறுவனம் அந்த வேண்டுகோளை ஒரு கேக்கின் மீதே எழுதி, பொறியாளர்கள் கூடிய மாநாட்டில் வைத்தது. கேக்கை எல்லோரும் சாப்பிட்டார்கள். பியரிங் மட்டும் நடக்கவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பிளவு நீடித்தது. இதில் ஒருவரிடம் மட்டும் ஐபிவி6 டிரான்சிட் வாங்கிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் தளம், மற்றவரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு ஐபிவி6 வழியாகத் திறக்கவே திறக்காது. ஒரே ஒரு டிரான்சிட் வைத்துக்கொண்டு ‘100 ஜிகாபிட்’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேக்தான் நினைவுக்கு வரும்.

அடுத்து, காசு. டிரான்சிட் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் ஹோஸ்டிங் திட்டங்களில் உள்ள பல விசித்திரங்கள் விளங்கும். போக்குவரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 30 நாள் மாதத்தில் 8,640 அளவுகள் சேரும். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, உச்சியில் உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, நீக்கிவிடுகிறார்கள். அடுத்து நிற்கும் அளவு எதுவோ அதற்கு மாதம் முழுவதற்கும் கட்டணம். நீக்கப்படும் 432 அளவுகள் சேர்ந்து 36 மணி நேரம். நாள்தோறும் என்று பிரித்தால் 72 நிமிடம். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் வரும் உச்சத்துக்குக் காசு இல்லை. அதே உச்சம் தினமும் ஒன்றரை மணி நேரம் நீடித்தால், மாதம் முழுவதும் அந்த உச்சத்திலேயே ஓடியதுபோல் கட்டணம் வந்து நிற்கும். மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே வரைபடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். காப்புப் பிரதிகளை அதிகாலைக்கு மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களைக் கெஞ்சுவதற்கும் இதுதான் காரணம்.

உள்ளே வருவது, வெளியே போவது என்ற இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் வழக்கமாகக் கட்டணம். ஹோஸ்டிங் நிறுவனங்களிலிருந்து வெளியே போவதே மிக அதிகம். உள்ளே வருவது எப்படியும் கட்டணத்துக்குக் கீழே அமிழ்ந்துவிடுகிறது. ‘உள்வரும் தரவு முற்றிலும் இலவசம், வரம்பே இல்லை’ என்று திட்டங்களில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்தத் தாராள மனத்தின் ரகசியம் இதுதான். எங்கள் விளம்பரத்திலும் அந்த வரி இருக்கிறது.

பியரிங் இலவசம் என்ற வாதத்துக்கு வருகிறேன். இரண்டு நெட்வொர்க்குகளும் ஒன்றுக்கொன்று பணம் கொடுப்பதில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் லண்டனின் லிங்க்ஸ், ஃபிராங்ஃபர்ட்டின் டிஇ-சிக்ஸ் போன்ற, பல நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் கூடிப் பியரிங் செய்யும் இணையப் பரிமாற்ற மையங்கள் 1990களின் நடுவிலிருந்து இயங்கிவருகின்றன. அங்கே ஒரு போர்ட்டுக்கு மாதச் சந்தா உண்டு. போர்ட்டிலிருந்து எங்கள் சர்வர் அலமாரி வரைக்கும் கண்ணாடியிழை இழுத்துக் கொடுக்க தரவு மையக்காரர் தனிக் கட்டணம் வாங்குகிறார், அதுவும் மாதந்தோறும். ரூட்டரில் ஒரு போர்ட், ஒளியியல் கருவி, பிறகு என்னைப்போல் ஓர் ஆளின் சம்பளம். அந்த மையத்தின் வழியாக ஓடும் போக்குவரத்து போதிய அளவு இல்லையென்றால், அதே அளவை டிரான்சிட்டில் அனுப்புவதே மலிவு. டிரான்சிட் விலை ஆண்டுக்காண்டு இறங்கிவருவதால் இந்தக் கணக்கை நான் அடிக்கடி புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில மையங்களிலிருந்து விலகவும் செய்திருக்கிறோம்.

இந்தப் பியரிங் உலகின் ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்றும் வியப்பு. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011இல் 1,42,210 பியரிங் உடன்பாடுகளை ஆராய்ந்தது. அவற்றில் எழுத்து ஒப்பந்தம் இருந்தவை 698 மட்டுமே. மீதி 99.51 சதவீதம் வெறும் வாய்ச்சொல், கைகுலுக்கல். 2016இல் பத்தொன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உடன்பாடுகளை மீண்டும் ஆராய்ந்தபோது கைகுலுக்கலின் பங்கு 99.93 சதவீதமாக உயர்ந்திருந்தது. உலகம் வங்கிக் கணக்கையும் மருத்துவக் குறிப்பையும் அனுப்பும் பாதைகளில் பெரும்பாலானவை, ‘சரி, நாளைக்குப் போட்டுவிடலாம்’ என்ற ஒரு வரி மின்னஞ்சலின் மேல் நிற்கின்றன. எங்கள் சட்டப் பிரிவுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

கைகுலுக்க எல்லோரும் முன்வருவதில்லை என்பதுதான் சிக்கல். பரிமாற்ற மையத்தில் ரூட் சர்வர் (route server) என்று ஒன்று உண்டு; அங்கே இணைந்தவர்களின் வழிகளை வாங்கி மற்றவர்களுக்குப் பகிர்வது அதன் வேலை. அதோடு இணைந்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நெட்வொர்க்குகளுடன் பியரிங் கிடைத்துவிடும். பிரசுரத்தில் அச்சிடும் எண்ணிக்கை அங்கிருந்து வருவதுதான். அந்த நூற்றுக்கணக்கில் பெரும்பாலானவை சிறியவை. எங்களைப் போன்ற ஹோஸ்டிங் நிறுவனங்களே பல. ஒரு சர்வர் கூடம் இன்னொரு சர்வர் கூடத்துக்கு அனுப்ப என்ன இருக்கிறது? வீடுகளுக்கும் கைபேசிகளுக்கும் இணையம் தரும் பெரிய நிறுவனங்களின் சந்தாதாரர்களே எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்களைப் பார்ப்பவர்கள். அந்த நிறுவனங்களில் பல, ரூட் சர்வர் பக்கம் வருவதே இல்லை. நேரில் கேட்டால், வருவதும் போவதும் ஓரளவு சமமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தால் அதை ஒருபோதும் நிறைவேற்ற முடியாது. முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். அதன் பிறகு ‘கட்டணப் பியரிங்’ என்ற விலைப்பட்டியலை அனுப்புவார்கள். சில இடங்களில் அதையும் வாங்கியிருக்கிறோம். மிகப் பெரிய காணொளி நிறுவனங்கள் தங்கள் சேமிப்புப் பெட்டிகளையே வீட்டு இணைய நிறுவனங்களின் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. எங்களை யார் உள்ளே விடுவார்கள்?

ஆகவே பியரிங் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்வையாளர்கள் அதிகமுள்ள மூன்று நிறுவனங்களுடன் நேரடித் தனி இணைப்பு வைத்திருப்பவர், ரூட் சர்வரில் எண்ணூறு பேரைக் காட்டுபவரைவிடச் சிறந்த சேவை தரக்கூடும்.

நேரடி இணைப்பு என்பதிலும் ஏமாற்று உண்டு. பியரிங் வழி கிடைத்தால் டிரான்சிட்டைவிட அதற்கே முன்னுரிமை தரும்படி ரூட்டர்களை அமைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். டிரான்சிட்டுக்குக் கட்டணம் ஓடுகிறது, பியரிங்குக்கு ஓடவில்லை என்பதே காரணம். ஆனால் பிஜிபிக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை நெட்வொர்க்குகளைக் கடக்கிறோம் என்பதைத்தான் அது எண்ணும். தொலைவிலுள்ள பரிமாற்ற மையத்துக்கு வாடகைத் தடம் எடுத்து இணைவதைத் தொலைதூரப் பியரிங் என்கிறோம். ரூட்டரின் கண்ணுக்கு அது பக்கத்து வீடு. ஒளி கண்ணாடியிழையில் மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 5,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மையத்துக்குப் போய்த் திரும்பினால் 50 மில்லிவினாடி போனது போனதுதான். எந்த ரூட்டராலும் மீட்டுத் தர முடியாது. எங்கள் நெட்வொர்க்கும் இன்னொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கும் ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி வித்தியாசத்தில் இருந்தன. எங்களிடமிருந்து அவர்களுக்குப் போன பாக்கெட்டுகள் வேறொரு கண்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. அங்கேதான் இருவருக்கும் பொதுவான பியரிங் இருந்தது. அந்தப் பியரிங்கை நான் முடக்கியதும் டிரான்சிட் வழியாக ஊருக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. மேலாளர் மட்டும், இலவசமாகப் போவதை ஏன் காசுக்கு மாற்றினாய் என்று கேட்டார்.

தாக்குதல் நேரத்தில் நிலைமை எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தளத்தின் மீது வெள்ளமாகப் போக்குவரத்தைக் கொட்டும்போது எங்கள் போர்ட்டுக்குள் வந்த பிறகு வடிகட்டிப் பயனில்லை; போர்ட் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். டிரான்சிட் நிறுவனமே தன் எல்லையில் அதைக் கைவிட வேண்டும். அதற்கென 65535:666 என்ற பொதுக் குறி 2016இல் தரப்படுத்தப்பட்டது. தாக்கப்படும் முகவரியை அந்தக் குறியோடு அறிவித்தால் அதற்கு வரும் அனைத்தும் டிரான்சிட் நிறுவனத்தின் எல்லையிலேயே கைவிடப்பட்டுவிடும்; தளமும் சேர்ந்து மறைந்துவிடும் என்பது வேறு விஷயம். இதைச் செய்து தராத டிரான்சிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டு டிரான்சிட் இருக்கிறதே என்று நிம்மதி அடைவோருக்கும் ஒரு சொல். இரண்டின் இழைகளும் ஒரே குழியில், ஒரே வாசல் வழியாகக் கட்டடத்துக்குள் வந்தால், மண் தோண்டும் இயந்திரம் ஒன்று போதும். இரண்டும் ஒரே பழைய ரூட்டரில் முடிந்தாலும் அதே கதை. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக வழிப்பட்டியல் 512கே, அதாவது ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வழிகள், என்ற எல்லையைத் தாண்டியபோது, அதற்கு மேல் நினைவகம் ஒதுக்காத பழைய ரூட்டர்கள் பல இடங்களில் திணறின. வெளியே எத்தனை இணைப்பு இருந்து என்ன செய்ய?

கட்டுரையாளர் அடுத்த வாரம் நிறுவனங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தரப்போவதாக அறிவித்திருக்கிறார். அதில் ‘போர்ட் அளவு’, ‘பியரிங் எண்ணிக்கை’ என்ற இரண்டு பத்திகள் இருக்கும் என்று தெரிகிறது. அவற்றை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில், டிரான்சிட் தருபவர்கள் யார் யார், அவர்களின் இழைகள் கட்டடத்துக்குள் நுழையும் வாசல்கள் தனித்தனியா, வாசகர்கள் அதிகம் பயன்படுத்தும் வீட்டு இணைய, கைபேசி நிறுவனங்களுக்கு எந்த வழியாகப் போக்குவரத்து போகிறது என்பவற்றைப் போடலாம். பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்தப் பரிமாற்ற மையத்தில் எவ்வளவு திறனோடு இருக்கிறது என்று அவரவரே பதிந்துவைத்திருக்கிறார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் சோதனைக்கென ஒரு முகவரியும் தந்திருக்கும். கட்டுரையாளர் அதை அலுவலக இணைப்பிலிருந்து காலை பத்து மணிக்குச் சோதிக்க வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு உள்ள நண்பர்களிடம் கொடுத்து, பாக்கெட்டுகள் போகும் வழியையும் வழியில் அவை உதிர்வதையும் காட்டும் எம்டிஆர் என்ற கருவியை இரவு ஒன்பது மணிக்கு ஓடவிடச் சொல்லட்டும். சர்வரிலிருந்து வீட்டை நோக்கியும் அதேபோல் ஓடவிட வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கோளாறு பாதி நேரம் திரும்பி வரும் வழியில்தான் இருக்கும்.

அட்டவணையில் எங்கள் நிறுவனமும் இடம்பெறக்கூடும். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்பது அதனால்தான். எங்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். விற்பனைப் பிரிவு பதில் சொல்லத் திணறினால், நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி